மழை விட்டாச்சு, லாரி மட்டும் ஸ்டார்ட் ஆகல: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி கார்த்திகை வந்தா லாரிப்பேட்டையில காலங்காத்தால ஒரே பேச்சுதான், நேத்து நைட்டு வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க, மழையில நின்னுச்சு, இப்ப எடுக்க மாட்டேங்குது. இங்க சொல்றது எல்லாம் பழைய டீசல் வண்டிக்கு. டாடா 407, 709, 1109, 1613, லேலண்ட் காமெட், டாரஸ், இந்த மாதிரி மெக்கானிக்கல் டீசல் பம்ப் வெச்ச வண்டிங்க. கம்ப்யூட்டர் வெச்ச வண்டிக்கு கீழ தனியா ஒரு கேள்வி இருக்கு.

காலையில வந்து பாத்தா ஸ்டார்ட் ஆகல. முதல் வேலை என்ன?

சாவியிலேர்ந்து கைய எடுக்கிறதுதான் முதல் வேலை. ஸ்டார்ட் ஆகலன்னதும் விடாம செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிச்சுகிட்டே இருந்தா பேட்டரி இறங்கும், செல்ஃப் மோட்டார் சூடாகி காயில் போகும், எஞ்சினுக்குள்ள தண்ணி இருந்துச்சுன்னா பிஸ்டனைத் தாங்குற கனெக்டிங் ராடே வளைஞ்சுடும். அதனால கீழ இறங்கி வண்டிய ஒரு சுத்து சுத்தி வாங்க. ராத்திரி நின்ன இடத்துல தண்ணி தேங்குச்சா, தேங்கினா எதுவரைக்கும் ஏறுச்சுன்னு பாருங்க, டயர்லயும் டீசல் டேங்க்லயும் சேத்துக்கோடு அப்படியே தெரியும். வெறும் மழைதான், தண்ணியே தேங்கலன்னா பயப்பட ஒண்ணுமில்ல, பெரும்பாலும் கரண்டு கோளாறு இல்லன்னா டீசல் கோளாறு. வீல் ஹப் அளவு தண்ணி ஏறியிருந்தா செல்ஃப் மோட்டாரும், பின் அச்சுல இருக்கிற கிரவுனும் (டிஃபரன்ஷியல்) நனைஞ்சிருக்கும். ஏர் ஃபில்டர் உயரத்துக்கு ஏறியிருந்தா சாவிய தொடவே தொடாதீங்க, பேட்டரி வயரைக் கழட்டிட்டு அடுத்த கேள்விகள படிங்க.

டீசல் வண்டிக்குத்தான் ஸ்பார்க் பிளக்கே கிடையாதே, மழை அதை என்ன பண்ணும்?

பழைய பெட்ரோல் வண்டியில டிஸ்ட்ரிபியூட்டர் கேப் ஈரமானா ஸ்பார்க் வெளிய ஓடிடும், துணிய வெச்சு துடைச்சா ஸ்டார்ட் ஆகும், அந்தப் பழக்கத்துல இங்கயும் எதையாவது துடைச்சா போதும்னு தேடுறாங்க. டீசல்ல அது இல்ல. காத்தை ஏறக்குறைய பதினேழுல ஒரு பங்கா அமுக்கி அந்த சூட்டுல டீசல் தானா எரியுது, அவ்வளவுதான் கதை. அதுக்கு மூணு விஷயம் வேணும், எஞ்சின் போதுமான வேகத்துல சுத்தணும், சுத்தமான டீசல் வரணும், காத்து வரணும். மழை கெடுக்கிறது இந்த மூணுல ஒண்ணைத்தான். டெர்மினல், எர்த்து, செல்ஃப் வழியா முதல்ல சொன்னதை கெடுக்கும், டேங்க்ல தண்ணி இறங்கி ரெண்டாவதை கெடுக்கும், ஏர் ஃபில்டர் நனைஞ்சு மூணாவதை கெடுக்கும். இந்த மூணுல எதுன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சுது, கண்டுபிடிக்காம பார்ட்ஸ் மாத்தறதுலதான் ஓனர் காசு கரையுது.

தண்ணி ஏர் ஃபில்டர் வரைக்கும் ஏறிடுச்சு. ஒரே ஒரு தடவை செல்ஃப் அடிச்சு பாக்கட்டுமா?

வேணாம். இதை கெஞ்சிக் கேட்டுக்குறேன், வேணாம்.

கணக்கு பாருங்க. 407-ல வந்த 497 எஞ்சின் நாலு சிலிண்டர், 2,956 சிசி, அப்ப ஒரு சிலிண்டருக்கு 739 சிசி. அதை பதினேழுக்கு ஒண்ணா அமுக்கினா பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது மிச்சம் இருக்கிற இடம் சுமார் 46 மில்லி. டீக்கடை கிளாஸ்ல பாதிகூட இல்ல. அந்த இடத்துல காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. 46 மில்லிக்கு மேல தண்ணி உள்ள இருந்தா பிஸ்டன் மேல வர முடியாம நிக்கும், ஆனா செல்ஃப் தள்ளும், ஃப்ளைவீல் தள்ளும், அப்ப வளையறது கனெக்டிங் ராடு. சில நேரம் லேசாத்தான் வளையும், வண்டி ஸ்டார்ட் கூட ஆயிடும், லோடு ஏத்தி மேட்டுல இழுக்கும்போது ஒருநாள் ராடு உடைஞ்சு பிளாக்கை ஓட்டை போட்டுட்டு வெளிய வரும். அது வந்தா எஞ்சின் முழுசா போச்சு.

செய்ய வேண்டியது இதுதான். ஏர் ஹோஸைக் கழட்டி உள்ள விரல் விட்டு ஈரம் இருக்கான்னு பாருங்க. பேப்பருக்கு பதிலா ஆயில்ல தூசி பிடிக்கிற பழைய ஆயில் பாத் கிளீனரா இருந்தா அடி பௌலைக் கழட்டுங்க, தண்ணி கனம் அதனால கீழ உக்காந்திருக்கும், ஆயில் மேல மிதந்து மேனிஃபோல்டு பக்கம் போயிருக்கும். ஈரம் இருந்தா சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுற நாசில் நாலையும் கழட்டணும், ஆறு சிலிண்டரா இருந்தா ஆறையும். கழட்டிட்டு கிராங்க் புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டு கையால மெதுவா சுத்துங்க, தண்ணி இருந்தா நாசில் ஓட்டை வழியா பீச்சும், முகத்தை நேரா வெக்காதீங்க. ரெண்டு முழு சுத்து தடங்கல் இல்லாம சுத்தினா, ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊத்தி மறுபடியும் சுத்தி விடுங்க. எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர் மாத்திட்டு, நாசிலுக்கு புது காப்பர் வாஷர் போட்டு மாட்டி, அப்புறம் செல்ஃப்.

இதை தள்ளிப் போடக்கூடாது. ரெண்டு மூணு நாள் தண்ணியோட அப்படியே நின்னா சிலிண்டர் லைனர்ல துரு ஏறி பிஸ்டன் ரிங்கு பிடிச்சுக்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துலயும் 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டினப்பவும், வண்டி முழுகினதோட போகல, தண்ணி வடிஞ்ச பிறகு அவசரத்துல செல்ஃப் அடிச்சும் வாரக்கணக்குல அப்படியே போட்டும் தப்பிச்சிருக்க வேண்டிய எஞ்சின் எத்தனையோ வீணாப் போச்சு. தண்ணி ஏறினது இயற்கை, அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா அதுக்கப்புறம் நடக்கிறது நம்ம கையில இருக்கு.

எஞ்சின் ஆயில்ல தண்ணி கலந்திருக்கான்னு எப்படி தெரியும்?

டிப்ஸ்டிக்க உருவிப் பாருங்க. ஆயில் பால் கலந்த டீ நிறத்துல இருந்தாலோ, நேத்தைக்கு இருந்த அளவை விட மேல ஏறியிருந்தாலோ தண்ணி உள்ள போயிருக்கு. சம்ப் (எஞ்சின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) டிரெயின் நட்டை லேசா லூஸ் பண்ணுங்க, தண்ணி இருந்தா அதுதான் முதல்ல சொட்டும். அந்த ஆயிலோட ஸ்டார்ட் பண்ணினா பேரிங் போயிடும்.

தண்ணி எல்லாம் தேங்கல, வெறும் மழைதான். சாவி திருப்பினா "டக்"னு ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமில்ல.

சத்தத்தை கவனிச்சு கேளுங்க, அது நிறைய சொல்லும். "டக டக டக"ன்னு வேகமா அடிச்சா பேட்டரியில கரண்டு இல்ல, இல்லன்னா டெர்மினல் லூஸ். "டக்"னு ஒரே ஒரு அடி, டேஷ்போர்டு லைட்டும் மங்காம நின்னா செல்ஃப் மேல இருக்கிற சோலனாய்டு (கரண்டு காந்த சுவிட்ச்) இழுக்குது, ஆனா உள்ள இருக்கிற காப்பர் கான்டாக்ட் தேய்ஞ்சிருக்கு, இல்லன்னா கரண்டு மோட்டாருக்கு போகல. ஒரு அடிக்கு லைட்டு சுத்தமா மங்கிடுச்சுன்னா கனெக்‌ஷன் இல்லன்னா பேட்டரி, அதோட எஞ்சின் ஜாம் ஆயிருக்கலாம் அதனால புல்லியை கையால சுத்திப் பாருங்க. சத்தமே இல்லன்னா சாவி சுவிட்ச், ஃபியூஸ், செல்ஃப் ரிலே.

பழைய வண்டியில முன் கண்ணாடி ரப்பர் காய்ஞ்சு வெடிச்சு போயிருக்கும், அது வழியா மழைத்தண்ணி சொட்டுச் சொட்டா டேஷ்போர்டுக்குப் பின்னாடி இறங்கி நேரா ஃபியூஸ் பாக்ஸ் மேல விழும். ஃபியூஸை ஒண்ணொண்ணா உருவி கிளிப்புல பச்சை பூத்திருக்கான்னு பாத்து சுரண்டி விடுங்க. நிறைய "செல்ஃப் போச்சு" கேசு அந்தக் கண்ணாடி ரப்பர்தான்.

பேட்டரி புதுசுதாங்க, ஆனா மழை பெஞ்சா மட்டும் செல்ஃப் சோம்பலா சுத்துது.

அப்ப எர்த்தை பாருங்க. பத்துக்கு ஏழு எட்டு வண்டி இதுதான்னு நான் சொல்லுவேன், அவ்வளவு சாதாரணமான கோளாறு, அவ்வளவு பேரு பாக்காம விடுற கோளாறு.

பிளஸ் வயரை எல்லாரும் பாக்குறாங்க, ஏன்னா அது செகப்பா கண்ணுக்கு தெரியுது. ஆனா செல்ஃப் மோட்டாருக்குள்ள போன கரண்டு திரும்பி பேட்டரிக்கு வரணும்ல, அது எஞ்சின் பிளாக், அங்கேர்ந்து ஒரு பின்னின பட்டை வயர், சேசிஸ், சேசிஸ்லேர்ந்து பேட்டரி மைனஸ்னு சுத்திதான் வருது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல உக்காந்திருக்கிறதால அந்தப் பட்டை வயர் ஒண்ணுதான் பாலம். அதுல துரு ஏறினா எத்தனை புது பேட்டரி போட்டாலும் செல்ஃப் சோம்பித்தான் சுத்தும்.

தூத்துக்குடி உப்பளத்து லோடு அடிக்கிற வண்டி ஒண்ணு எங்ககிட்ட வந்துச்சு. ஒரு கடையில ரெண்டு தடவை பேட்டரி மாத்திட்டாங்க, செல்ஃப் ரீவைண்டிங்கும் பண்ணிட்டாங்க, வெயில் அடிச்சா ஸ்டார்ட் ஆகும், மழை பெஞ்சா படுத்துக்கும். எர்த்து பட்டை வெளிய பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, போல்ட்டும் டைட்டாத்தான் இருந்துச்சு. கழட்டினா லக்குக்கு (பட்டையோட முனையில போல்ட் மாட்டுற வளையம்) அடியில சேசிஸ் பெயின்ட் உப்பி, அதுக்கு கீழ செதில் செதிலா துரு, லக்கோட அடிப்பக்கம் பச்சையும் வெள்ளையுமா பொடி, பட்டையோட உள் இழை விரல்ல தேய்ச்சா கருப்பா உதிருது. சேசிஸை வெள்ளையா இரும்பு தெரியுற வரைக்கும் சுரண்டி, புது பட்டை போட்டு, டைட் பண்ணின பிறகு மேல கிரீஸ் தடவி விட்டோம். பழைய பேட்டரியே போதுமா இருந்துச்சு. உப்பு லோடு, மீன் லோடு அடிக்கிற வண்டிக்காரங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதைக் கழட்டி பாத்தே ஆகணும்.

எர்த்து கோளாறா பேட்டரி கோளாறான்னு எப்படி உறுதியா சொல்றது?

சாதாரண மல்டிமீட்டர் ஒண்ணு போதும். முதல்ல வண்டி ஆஃப்ல இருக்கும்போது பேட்டரி அளங்க. 12 வோல்ட் பேட்டரி நல்லா சார்ஜ் இருந்தா 12.6 கிட்ட காட்டும், 12-க்கு கீழ போச்சுன்னா இறங்கிடுச்சு, சார்ஜ் போடாம மேல எந்த டெஸ்ட்டும் பண்ணி பிரயோஜனமில்ல. அடுத்து ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லி மறுபடியும் அளங்க. 9.6-க்கு கீழ விழுந்தா பேட்டரி வீக், இல்லன்னா செல்ஃப் மோட்டார் அதிகமா இழுக்குது. 24 வோல்ட் செட்டுன்னா 19 கிட்ட நிக்கணும்.

இப்ப முக்கியமானது. மீட்டரோட ஒரு முள்ளை பேட்டரி மைனஸ் போஸ்ட் மேல வைங்க, கிளாம்ப் மேல இல்ல, போஸ்ட் மேல. இன்னொன்னை எஞ்சின் பிளாக்குல பெயின்ட் இல்லாத இடத்துல. செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்து பாதையில எங்கயோ தடை. ஒரு முள்ளை அப்படியே கிளாம்ப், சேசிஸ், பட்டை, பிளாக்னு நகத்திகிட்டே போனா எந்த இடத்துல எகிறுதோ அந்த ஜாயின்ட்தான். பிளஸ் பக்கமும் இதே மாதிரி, பேட்டரி பிளஸ் போஸ்ட்லேர்ந்து செல்ஃப் ஸ்டட் வரைக்கும்.

மீட்டர் இல்லையா, செல்ஃப் அடிச்சு முடிச்ச உடனே ஒவ்வொரு ஜாயின்ட்டையும் தொட்டுப் பாருங்க, எது சுடுதோ அது கெட்டது. டெர்மினல் பூத்திருந்தா வெந்நீர்ல சமையல் சோடா கரைச்சு ஊத்தி கம்பி பிரஷ்ல தேய்ங்க, செல்லுக்குள்ள அந்தத் தண்ணி போகாம மூடி டைட்டா இருக்கணும். காய்ஞ்சதும் மாட்டி, மேல வாசலின்.

ஜம்ப் ஸ்டார்ட் பண்ணலாமா? பக்கத்துல கார்தான் இருக்கு.

முதல்ல உங்க வண்டி எத்தனை வோல்ட்னு பாருங்க. 407 மாதிரி சின்ன வண்டி 12 வோல்ட். பெரிய வண்டியில ரெண்டு பேட்டரி இருந்தா பெரும்பாலும் சீரிஸ்ல 24 வோல்ட், சில பழைய வண்டியில பேரலல்ல 12 வோல்ட்டாவே இருக்கும், ஒரு பேட்டரி பிளஸ்ஸும் அடுத்த பேட்டரி மைனஸ்ஸும் சேந்திருந்தா அது சீரிஸ். 24 வோல்ட் லாரிக்கு காரை மாட்டாதீங்க, கார் எலக்ட்ரானிக்ஸ் எரிஞ்சு போகும்.

ஒரே வோல்ட்டு வண்டி கிடைச்சா பிளஸ்ஸுக்கு பிளஸ், அப்புறம் நல்ல வண்டி மைனஸ்லேர்ந்து உங்க எஞ்சின் பிளாக்குக்கு. மைனஸை பேட்டரி போஸ்ட்லயே மாட்டினா அங்க பொறி பறக்கும், பேட்டரி மேல ஹைட்ரஜன் வாயு இருக்கும், வெடிச்சு ஆசிட் முகத்துல தெறிச்சவங்க இருக்காங்க. இன்னொன்னு, ஸ்டார்ட் ஆனதும் பேட்டரி வயரைக் கழட்டி "டைனமோ சார்ஜ் ஆகுதா"ன்னு பாக்குற பழக்கம், அதை விட்டுடுங்க, ஆல்டர்னேட்டர் டயோடு போயிடும்.

செல்ஃப் நல்லா சுத்துது, எஞ்சின் மட்டும் பிடிக்க மாட்டேங்குது.

இப்ப சைலன்சரை பாருங்க. வெள்ளைப் புகை வந்தா டீசல் உள்ள போகுது, எரியல. புகையே இல்லன்னா டீசலே போகல.

புகையே இல்லன்னா ஃபில்டரை தொடறதுக்கு முன்னாடி ஸ்டாப் கேபிளை பாருங்க. பழைய வண்டியில கேபின்ல ஒரு நாபை இழுத்துத்தான் எஞ்சினை நிறுத்துவோம், அந்த கேபிள் உறைக்குள்ள மழைத்தண்ணி இறங்கி துரு பிடிச்சா, நேத்து இழுத்தது இழுத்தபடியே நின்னுடும். நாப் உள்ள போன மாதிரி இருக்கும், ஆனா டீசல் பம்ப் பக்கத்துல லீவர் ஸ்டாப்லயே இருக்கும். நீங்க விடிய விடிய செல்ஃப் அடிச்சாலும் ஒரு சொட்டு டீசல் போகாது. பம்ப்ல லீவரை கையால தள்ளிப் பாருங்க, ஸ்பிரிங் இழுத்து வண்டி ஓடுற நிலைக்கு வரணும். கேபிளுக்கு பதிலா சோலனாய்டு இருக்கிற வண்டியில சாவி ஆன் பண்ணினதும் அது "டிக்"னு இழுக்குதான்னு கேளுங்க, சத்தம் இல்லன்னா அதோட வயர் சாக்கெட்டைக் கழட்டி துடைச்சு மாட்டுங்க.

லீவர் சரியா இருக்கு. டீசல்ல தண்ணி கலந்திருக்குமோ?

இருக்கலாம், மழைக்காலத்துல இது ரொம்பவே உண்டு. ஒரு பழைய தண்ணி பாட்டில் எடுத்து, வாட்டர் செப்பரேட்டர் (டீசல்லேர்ந்து தண்ணியைப் பிரிக்கிற கிண்ணம்) அடி நட்டைத் திறந்து கொஞ்சம் பிடிங்க, செப்பரேட்டர் இல்லன்னா டேங்க் டிரெயின்லேர்ந்து. பத்து நிமிஷம் ஆடாம வைங்க. தண்ணி இருந்தா அடியில தனியா நிக்கும், ரெண்டுக்கும் நடுவுல கோடு போட்ட மாதிரி தெரியும், பழைய டேங்க்னா அந்தத் தண்ணி துரு நிறத்துல இருக்கும்.

தண்ணி இருந்தா டேங்க் டிரெயின் நட்டைத் திறந்து சுத்தமான டீசல் வர்ற வரைக்கும் விடுங்க, ரெண்டு ஃபில்டரையும் மாத்துங்க, லைன்ல இருக்கிறதை பிரைமர் (கையால அடிக்கிற சின்ன டீசல் பம்ப்) அடிச்சு வெளிய தள்ளுங்க. இதையும் நாளைக்குன்னு விடக்கூடாது. பம்ப்புக்குள்ள இருக்கிற எலிமென்ட்டுக்கும் பேரலுக்கும் நடுவுல இடைவெளி சில மைக்ரான்தான், அதுக்கு மசகு டீசல்தான், வேற ஆயில் கிடையாது. அந்த இடத்துல தண்ணி உக்காந்தா துரு ஏறி எலிமென்ட் பிடிச்சுக்கும். ஃபில்டருக்கு ஆகுற காசு எங்க, பம்ப் இறக்கி கேலிபரேஷன் பண்ற காசு எங்க.

ஃபில்டர் மாத்தின பிறகு ஏர் எடுக்கிறது எப்படி?

ஃபில்டர் ஹவுசிங் மேல இருக்கிற ஏர் ஸ்க்ரூவை லூஸ் பண்ணிட்டு ஃபீட் பம்ப்ல இருக்கிற ஹேண்ட் பிரைமரை அடிங்க, நுரையா வரும், நுரை நின்னு டீசல் கட்டையா வர்றப்ப அடிச்சுகிட்டே டைட் பண்ணுங்க. ரெட்டை ஃபில்டர்னா முதல் ஃபில்டர், ரெண்டாவது ஃபில்டர்னு வரிசையா. அப்புறம் டீசல் பம்ப்ல இருக்கிற ஸ்க்ரூ. பெரும்பாலும் இதோட ஸ்டார்ட் ஆகும். ஆகலன்னா நாசில் பக்கம் பைப் நட்டை அரை சுத்து லூஸ் பண்ணி செல்ஃப் அடிச்சு, டீசல் வந்ததும் டைட் பண்ணணும், கையை கிட்ட வெக்காதீங்க. எவ்வளவு அடிச்சும் நுரை நிக்கலன்னா டேங்க்லேர்ந்து ஃபீட் பம்ப் வரைக்கும் எங்கயோ காத்து இழுக்குது, வாஷரையும் வெடிச்ச ரப்பர் ஹோஸையும் பாருங்க.

டேங்க்ல தண்ணி எப்படித்தான் போகுது? பங்க்காரங்க கலக்குறாங்களா?

எடுத்ததும் பங்க்கை சொல்ல வேணாம், முதல்ல உங்க டேங்க் மூடிய பாருங்க. மூடி ரப்பர் போயிருக்கும், இல்லன்னா மூடி தொலைஞ்சு துணியை அடைச்சிருப்பாங்க, மழையில அந்தத் துணி தண்ணியை உறிஞ்சி உள்ள சொட்ட விடும். அரை டேங்க் காலியா நிக்கிற வண்டியில ராத்திரி குளிர்ல உள் சுவத்துல தண்ணி வேர்க்கும், நாள்பட நாள்பட அது அடியில சேரும், மழைக்காலத்துல ராத்திரி டேங்கை நிரப்பி நிறுத்தினா இது குறையும். பங்க் நிலத்தடி டேங்க்ல மழைத்தண்ணி இறங்குறதும் நடக்கிறதுதான், அதுக்குத்தான் அவங்களே அளவுகோல்ல பேஸ்ட் தடவி இறக்கிப் பாப்பாங்க, தண்ணி பட்டா நிறம் மாறும். பலத்த மழைக்கு மறுநாள் சந்தேகமா இருந்தா அதைக் காட்டச் சொல்லி கேளுங்க, கேக்குறதுல தப்பில்ல.

வெள்ளைப் புகையா தள்ளுது. ஏர் ஃபில்டர்ல பெட்ரோல் துணி காட்டலாமா, ஸ்பிரே அடிக்கலாமா?

பெட்ரோல் துணி வேணவே வேணாம், கையையும் கேபினையும் எரிச்சுகிட்டவங்க உண்டு. ஸ்டார்டிங் ஸ்பிரேயும் பழகினா ரிங்கு, பிஸ்டன் அடி வாங்கும், ஹீட்டர் பிளக் இருக்கிற வண்டியில அடிச்சா மேனிஃபோல்டுலயே வெடிக்கும். வெள்ளைப் புகைன்னா காத்து போதுமான அளவு சூடாகல, ஏன்னு பாருங்க. செல்ஃப் மெதுவா சுத்துதா, மறுபடியும் பேட்டரி, எர்த்து. வேகமாத்தான் சுத்துதுன்னா பேப்பர் ஃபில்டர் நனைஞ்சு ஊறி அடைச்சிருக்கான்னு கழட்டி பாருங்க, அப்புறம் டீசல்ல தண்ணி. இது எல்லாம் சரியா இருந்தும் குளிர்ல மட்டும் படுத்துதுன்னா எஞ்சின் காத்தை அமுக்குற கம்ப்ரஷன் இறங்கிடுச்சு, மழை அதை வெளிய காட்டுது, அவ்வளவுதான். செல்ஃபை பத்து பதினஞ்சு செகண்டுக்கு மேல தொடர்ந்து அடிக்காதீங்க, நடுவுல ஒரு நிமிஷம் விடுங்க.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

எஞ்சினுக்குள்ள தண்ணி இல்லன்னு உறுதியா தெரிஞ்சு, கோளாறு பேட்டரி செல்ஃப் மட்டும்தான்னா தாராளமா. தண்ணி மேல சந்தேகம் இருந்தா தள்ளறது செல்ஃப் அடிக்கிறதை விட மோசம், முழு வண்டி கனமும் ராடு மேல போகும். ஏர் பிரேக் வண்டியில டேங்க்ல காத்து இருக்கான்னு பாக்காம சரிவுல விடாதீங்க.

ராத்திரி முழுக்க மழையில ஓட்டிட்டு வந்தேன், அப்ப ஒண்ணுமில்ல. காலையில பேட்டரி டவுன்.

ஹெட்லைட், வைப்பர், எல்லாம் ஓடியிருக்கு, ஃபேன் பெல்ட் நனைஞ்சு வழுக்கியிருக்கு, ஆல்டர்னேட்டர் பாதி சுத்துதான் சுத்தியிருக்கும், அப்ப ராத்திரி முழுக்க பேட்டரியிலேர்ந்துதான் செலவு. பெல்ட்டை நடுவுல கட்டை விரலால அமுக்கிப் பாருங்க, தொளதொளன்னு இருந்தா டைட் பண்ணுங்க, பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆயிருந்தா மாத்துங்க. எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் வண்டியில 13.8-லேர்ந்து 14.4, 24 வோல்ட்ல 27.6-லேர்ந்து 28.8 வரைக்கும் காட்டணும்.

ஒருவழியா ஸ்டார்ட் ஆயிடுச்சு. லோடு ஏத்தலாமா?

வெறும் மழைன்னா ஏத்துங்க. ஹப் வரைக்கும் தண்ணி ஏறியிருந்தா ஒரு மணி நேரம் செலவு பண்ணிட்டு ஏத்துங்க. ஓடி வந்த சூட்டோட கிரவுன் ஹவுசிங் தண்ணிக்குள்ள இறங்கினா உள்ள இருக்கிற காத்து சுருங்கி பிரீதர் (காத்து போக வர சின்ன ஓட்டை) வழியாவும் ஆயில் சீல் வழியாவும் தண்ணியை உறிஞ்சும். கிரவுன், கியர் பாக்ஸ் ரெண்டுலயும் டிரெயின் நட்டை லேசா லூஸ் பண்ணிப் பாருங்க, தண்ணி வந்தா ஆயில் மாத்தியே ஆகணும். வீல் கிரீஸ் வெளுத்துப் போயிருந்தா ஹப் இறக்கி புது கிரீஸ். ஏர் டேங்க் தண்ணியைத் திறந்து விடுங்க. பிரேக் லைனிங் நனைஞ்சிருந்தா முதல் மிதிக்கு பிடிக்காது, காலி ரோட்டுல மெதுவா போய் லேசா மிதிச்சு மிதிச்சு சூடு காட்டி காய வைங்க. ஸ்டார்ட் ஆன சந்தோஷத்துல இந்த பிரேக்கை மட்டும் மறந்துடாதீங்க, எதிர்ல வர்றவங்க உயிரும் அதுல இருக்கு.

என்னோடது கம்ப்யூட்டர் வெச்ச பி.எஸ்.4 வண்டி, பி.எஸ்.6 வண்டி (புகை கட்டுப்பாட்டு விதிப்படி வந்த புது வண்டி). இதெல்லாம் பொருந்துமா?

பேட்டரி, எர்த்து, எஞ்சினுக்குள்ள தண்ணி, டீசல்ல தண்ணி, எல்லாம் அப்படியே பொருந்தும். பைப் நட்டை லூஸ் பண்ணி ஏர் எடுக்கிறது மட்டும் கூடவே கூடாது. நாடு முழுக்க 2017 ஏப்ரல்ல பி.எஸ்.4-ம் 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6-ம் வந்த பிறகு பெரும்பாலான வண்டி காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே குழாய்லேர்ந்து அழுத்தமா டீசல் போற முறை), அதுல பிரஷர் 1,000 பாருக்கு மேல போகும், பீச்சினா தோலைத் துளைச்சு உள்ள போயிடும், விரலையே எடுக்க வேண்டி வரும். அந்த வண்டிய ஸ்கேனர் இருக்கிற இடத்துக்கு இழுத்துட்டுப் போங்க.

இன்சூரன்ஸ்ல கிளெய்ம் கிடைக்குமா?

வண்டி முழுகியிருந்தா எதையும் தொடாம சேத்துக்கோடு தெரியுற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுத்து, கம்பெனிக்கு தகவல் சொல்லிட்டு, ரெக்கவரி வண்டியில இழுத்துட்டுப் போங்க. தண்ணியோட செல்ஃப் அடிச்சு எஞ்சின் போயிருந்தா அதை வெள்ள சேதமா ஏத்துக்காம மறுக்கிறது நிறைய நடக்குது.

மழைக்கு முன்னாடியே என்ன பண்ணி வெக்கலாம்?

புரட்டாசியில ஒரு அரை நாள் ஒதுக்குங்க. எர்த்து பட்டையைக் கழட்டி சுரண்டி மாட்டுறது, டெர்மினல் சுத்தம், ஸ்டாப் கேபிளுக்கு மேல்முனையில ஆயில் விட்டு பத்து இருபது தடவை இழுத்து விடுறது, டேங்க் மூடிக்கு புது ரப்பர், கண்ணாடி பீடிங்ல சிலிக்கான், பெல் ஹவுசிங் அடியில இருக்கிற சின்ன வடிகால் ஓட்டையில அடைச்ச சேத்தை கம்பியால குத்தி விடுறது, அது அடைச்சா தண்ணி நின்னு செல்ஃப் பினியன் துரு பிடிக்கும். ஏர் இன்டேக் மேல மழை மூடி இல்லாம ஓடுற வண்டி நிறைய பாக்குறேன், தயவுசெஞ்சு ஒண்ணு வாங்கி மாட்டுங்க. கேபின்ல ஒரு செட் டீசல் ஃபில்டர், காப்பர் வாஷர் கொஞ்சம், மல்டிமீட்டர், கம்பி பிரஷ், 10-லேர்ந்து 19 வரைக்கும் ஸ்பேனர், நல்ல தடிமனான ஜம்பர் வயர், டார்ச் லைட், இவ்வளவும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில மூடி போட்டு சீட்டுக்கு அடியில.

செல்ஃப் மோட்டார் நனைஞ்சுடுச்சு, வெயில்ல காய வெச்சா போதுமா?

போதாது. கழட்டிப் பிரிச்சு, சேறை கழுவி, ஆர்மேச்சரையும் ஃபீல்டு காயிலையும் நல்லா காய வெச்சு, பிரஷ் ஹோல்டர்ல ஸ்பிரிங் தாராளமா ஏறி இறங்குதான்னு பாத்து, புஷ்ஷுக்கு ஆயில் வெச்சு மாட்டணும். அப்படியே காய வெச்சு மாட்டினா ரெண்டு வாரம் ஓடும், அப்புறம் பிரஷ் துருவுல சிக்கி நின்னுடும், அது பெரும்பாலும் லோடோட வழியில நிக்கும்போதுதான் தெரியும்.